கடைமடைக் கணக்கு

மேட்டூர் திறந்தாச்சா என்று
இந்தத் தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை.
சர்வர் அறையில் ஏசி ஓடுகிறதா
என்றுதான் கேட்கிறோம்.

நாளுக்குப் பதினான்கு வாளி.
சுவரோரக் குழாயிலிருந்து
சொட்டுச் சொட்டாய், உப்பில்லாத தண்ணீர்.
வெட்டாற்றில் பிரிந்த வாய்க்கால்
வளாகத்துக்கு வெளியே நூறடியில் போகிறது.
அதற்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு கம்பிவேலி,
பதிவாளர் கையெழுத்திடாத ஒரு விண்ணப்பம்.
ஆற்றுக்கு ஒரு கடைமடை என்றால்
ஏசிக்கு நாங்கள்.

விடுதிக்குப் பின்னால் நான்கு சென்ட்.
நான் புள்ளியியல். கடப்பாரை பிடிக்கத் தெரியாது,
அதனால் நோட்டைக் கொடுத்துவிட்டார்கள்.
முதல் பக்கம்:
ஓரடி வரை கட்டட இடிபாடு,
உடைந்த டைல்ஸ், ஒற்றைச் செருப்பு.
அதற்குக் கீழே ஓரடி சவுடு.
அதற்கும் கீழே
ஜெய்லானி கடப்பாரையை நிறுத்தினான்.
கறுப்பாக, சோப்புப்போல வழுக்கிக்கொண்டு
நத்தைக் கூடுகளோடு படுத்திருந்தது வயல்.
"எடுத்து மேல போடு" என்றாள் ரெஜினா.
வேறொன்றும் பேசவில்லை. வெயில் அப்படி.

மெஸ்ஸில் மிஞ்சிய சோறு, முட்டை ஓடு,
வியாழக்கிழமை தவறாமல் மிஞ்சும் உப்புமா
எல்லாம் குழிக்கு.
அசாமிலிருந்து வந்த ஜோன்மணி
(பெயரைக் கேட்டு மன்னார்குடி என்றே நினைத்திருந்தோம்)
கடுகுக்கீரை விதைத்தாள்.
முளைத்தது. ஒரு வாரம் யோசித்தது.
பங்குனி வெயிலைப் பார்த்துவிட்டு
இலை விடாமலே பூத்துவிட்டது.
கத்திரி யோசிக்கவில்லை.

தரமதிப்பீட்டுக் குழு வந்த வாரம்
வாடகைக்குக் குரோட்டன்ஸ் தொட்டிகள் இறங்கின.
எரு நாறுகிறதென்று தோட்டத்தை மறைத்து
இருபதடி ஃபிளெக்ஸ் கட்டினார்கள்: 'பசுமை வளாகம்.'
அதில் துணைவேந்தர்
ஒரு மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.
குழு போனது. வந்த மினிலாரியிலேயே தொட்டிகளும் போயின.
ஃபிளெக்ஸை அவிழ்த்து எருக்குழியை மூடினோம்,
படம் உள்பக்கமாக.
நல்ல சூடு பிடித்தது.

தையல்நாயகி ஒப்பந்தத் தொழிலாளி.
மூன்று மாடிக் கழிவறைகள் அவள் பொறுப்பு.
ஒரு சாயங்காலம்
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டாள்:
"எனக்கு ஒரு பாத்தி குடுங்களேன்."

கூட்டம் போட்டோம்.
விதி இரண்டின்படி
உறுப்பினர் என்பவர் அடையாள அட்டை உள்ளவர்.
அவளுக்கும் இருந்தது. ஆனால் ஏஜென்சி கொடுத்தது.
ஒன்றே முக்கால் மணி நேரம்.
'சமூகம்' பதினெட்டு முறை, 'பகிர்வு' பதினொன்று;
பழக்கதோஷம், ஓரத்தில் கோடு போட்டு எண்ணியிருக்கிறேன்.
தீர்மானம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது:
அடுத்த செமஸ்டரில் பரிசீலிக்கப்படும்.

மே மாதம் எல்லோரும் ஊருக்குப் போனோம்.
மண்வெட்டிப் பெட்டியில் நோட்டை மறந்துவிட்டேன்.
சர்வருக்கு விடுமுறை கிடையாது.

ஜூலையில் திரும்பினால்
செத்திருக்க வேண்டிய கத்திரி
இடுப்புயரம் நிற்கிறது.
நோட்டில் நாற்பத்தொரு நாள், பென்சிலில்,
நான் போட்ட கட்டங்களுக்குள் அடங்காத எழுத்து:

14 வாளி.
14 வாளி.
13. ஒண்ணு கொட்டிப்போச்சு.
ஏசி ரிப்பேர். வீட்லேர்ந்து ரெண்டு குடம்.
கத்திரி மூணு கிலோ. எடுத்துக்கிட்டேன்.
வெண்டை முத்திப்போச்சு. வெதைக்கு விட்டாச்சு.
மழை. லீவு.
கத்திரி ரெண்டு கிலோ. எடுத்துக்கிட்டேன்.

கூட்டிப் பார்த்தேன்.
ஒரு வாளிகூடத் தப்பில்லை.

ரெஜினா இன்னும் வரவில்லை, ஜெய்லானிக்குக் காய்ச்சல்.
குழாயடியில் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.
அன்றைக்கு நானே தூக்கினேன்.
பிறகு அவள் வரிக்குக் கீழே, அதே பென்சிலில்:
9 வாளி. பாதி கால்ல.