மூன்றாம் மாடி, மழை விடுமுறை

கலெக்டர் லீவு விட்டுவிட்டார்.
சகாயமேரி மிஸ் விடவில்லை.
காலை எட்டு பதினேழுக்கு
என் போனில் வந்து விழுந்தது
'வீட்டிலேயே கற்போம்', செயல்பாடுகள் ஏழு,
மேலே ஒரு சிரிக்கும் சூரியன்.
ஜன்னலுக்கு வெளியே
தண்டையார்பேட்டை முழுக்கத் தண்ணீர்.

இரவெல்லாம் எண்ணூர் ரோட்டில்
டிரெய்லரோடு வரிசையில் கிடந்துவிட்டு
அப்போதுதான் பாயை விரித்திருந்தேன்.
அமுலுவின் இறால் கம்பெனிக்கு
மழை லீவெல்லாம் கிடையாது.
"நீயே சொல்லிக்கொடு" என்றவள்
குடை விரியும் முன்பே படியிறங்கிவிட்டாள்.

ஒன்று: வீட்டைச் சாணால் அளக்கவும்.
ரூபிகா கைக்கு இருபத்தாறு.
தர்ஷன் கைக்கு முப்பத்தைந்து,
என் பாயைச் சுற்றிக்கொண்டு போனதால்.
என் கையையும் இழுத்து வைத்தார்கள்.
பதினேழு.
"அப்பா அளந்தா வூடு சின்னதாயிடுது"
என்றான் தர்ஷன்.
யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டு: வட்டமான பொருட்கள்.
தோசைக்கல், குக்கர் ரப்பர், அம்மா வளையல்.
குடத்தின் வாய் வட்டம்தானே,
எட்டுக் குடம் இருக்கே,
எட்டு தடவை எழுதட்டுமா என்றான்.

மூன்று: ஐந்து வகை இலைகளை ஒட்டுக.
கீழே இறங்கினால் முழங்கால் ஆழம்.
கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா,
எதிர்வீட்டு அலமேலம்மா சாமிக்கு வைத்த வெற்றிலை.
ஐந்தாவதுக்கு
பசை தடவி டீத்தூளைக் கொட்டினாள் ரூபிகா.
"இதுவும் எலதாம்ப்பா, டப்பால போட்ருக்கு."

நான்கு: கண்ணை மூடி, வரும் வாசனையைச் சொல்லவும்.
மூடினார்கள். காற்று மணலிப் பக்கமிருந்து.
"கேஸ்" என்றான் தர்ஷன்.
எதற்கும் இருக்கட்டுமென்று எழுந்துபோய்ப் பார்த்தேன்.
அடுப்பு அணைந்துதான் இருந்தது.

ஐந்து: பெரிய எண் ஒன்றைத் தேடி வாசிக்கவும்.
ஈரச் சட்டைப் பையிலிருந்து டிரிப் சீட்டை எடுத்தாள்.
கன்டெய்னர் நம்பர், ஏழு இலக்கம்.
ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துவிட்டுக் கேட்டாள்,
"இதுக்குள்ள இன்னா இருந்துச்சு?"
தெரியாதும்மா. சீல் வச்சிருப்பான்.
"யாராண்டயும் கேக்க மாட்டியா?"
அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

ஆறு: அப்பா அல்லது அம்மாவின் வேலை,
நீங்கள் பார்த்ததை எழுதவும்.
இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

என் அப்பா தூங்குவார்.
அப்பா தூங்கும்போது டிவி போடக் கூடாது.
தம்பி அழக் கூடாது.
அப்பா எழுந்து டீ குடிப்பார்.
இருட்டானதும் போய்விடுவார்.

ஒற்றுப் பிழைகூட இல்லை.
"லாரி ஓட்டுவார்னு ஒண்ணு சேத்துக்கோ."
"நான் பாத்ததில்லியே."

யோசித்தால் அவள் சொல்வதும் நியாயம்தான்.
நேற்றிரவு பதினோரு மணி நேரத்தில்
வண்டி ஓடியது நாற்பது நிமிஷம்.
"வரிசைல நிப்பார்னு எழுது."
"நிக்கறது வேலையா?"
உங்கம்மாவும் நின்னுதான்டி இறால் உரிக்கறா
என்று சொல்ல வந்து
தர்ஷன் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

எழுதினாள். கீழே படமும் போட்டாள்.
பெட்டி பெட்டியாக லாரிகள்,
தாள் தீர்ந்து காலண்டர் பின்பக்கம்,
அதுவும் தீர்ந்து சிமெண்ட் தரையில்.
சிவப்புப் பென்சில் கட்டையாகும்வரை
தர்ஷன் அடித்துத் தள்ளினான்.
நம்ம வண்டி எது என்றார்கள்.
பீரோ காலுக்குப் பக்கத்தில் ஒன்றைக் காட்டினேன்.
ஹார்பர் கேட் வரைய மறந்துபோயிருந்தது.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்து போன் உயிர்த்தது.
ஏழு: இன்று புதிதாகத் தெரிந்துகொண்ட ஒன்று.
தம்பி சொல்ல அக்கா எழுதினாள்:
இன்று அப்பா தூங்கவில்லை.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு
அமுலு வந்ததும் கிளம்பினேன்.

ஒன்பதரைக்கு, எர்ணாவூர் தாண்டி வரிசையில்
மிஸ்ஸிடமிருந்து ஒரு கேள்வி:
'ஐந்தாவது என்ன இலை சார்?'
பதில் அடிக்க ஆரம்பித்தேன்.
முன்வண்டி நகர்ந்தது.