அடைப்புக்குறிக்குள்

வால்பரைசோ தொழிலாளர் நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் துறைமுகம்.
திறப்பதில்லை. கடற்காகங்களின் கூச்சலில்
சாட்சி சொல்வது காதில் விழாது.

பதினெட்டு வருஷமாய் இங்கே தட்டச்சு செய்கிறேன்.
இருமலைப் பதிவதில்லை.
அழுகைக்கு அடைப்புக்குறி உண்டு,
சிரிப்புக்கும்.

இன்று கிரேன் ஓட்டும் யஸ்னாவின் வழக்கு.
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே
ஃபோர்மேன் எவாரிஸ்தோ சொன்னார்:
தமாஷ்தான் ஐயா, வெறும் தமாஷ்.

"அந்தத் தமாஷைச் சொல்லுங்கள்."

"கிரேனுக்கு எதற்குக் கண்ணாடி என்று
இத்தனை காலம் புரியவில்லை,
இப்போது புரிகிறது, உதட்டுச்சாயம் பூச."
தினமும் காலை ஏழு மணிக்கு
வாக்கிடாக்கியில், எல்லோர் காதிலும்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.

"இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது? காட்டுங்கள்."

தேடினார். சாவியைத் தொலைத்தவர் போல
சட்டைப்பை, காற்சட்டைப்பை, எங்கள் முகங்கள்.
"அங்கே இருந்திருந்தால் தெரியும் ஐயா.
பதினோரு பேர் சிரித்தோம்.
அவளும்தான் சிரித்தாள்."

அவளும்தான்.
அந்த 'உம்'மில் என் விரல் ஒரு கணம் நின்றது.

யஸ்னா எழுந்தாள். காலணி விளிம்பில் கிரீஸ் காயவில்லை.

"நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே இருபது டன் திராட்சை தொங்குகிறது.
காற்றின் வேகம் எவ்வளவு என்று எனக்குச் சொல்வது
அதே வாக்கிடாக்கி, அதே குரல்.
சிரிக்காமல் இருந்து பார்த்தேன், ஒரு வாரம்.
காற்று தாமதமாய் வந்தது."

பிழையில்லாமல் அடித்தேன்.

நீதிபதி தொண்டையைச் செருமினார்.
நல்ல மனிதர், அறை இறுகுவது அவருக்குப் பிடிக்காது.
"சாப்பிட்டுவிட்டு வருவோம். இல்லையென்றால்
நம் தட்டச்சர் அம்மாவின் வீட்டில்
ஒரு பாவப்பட்ட ஆண்பிள்ளை பட்டினி கிடப்பான்."

என் வீட்டில் இருப்பது ஒரு கள்ளிச்செடி.
வாரம் ஒருமுறை தண்ணீர் கேட்கும்.

எல்லோரும் சிரித்தார்கள், எவாரிஸ்தோ சற்று அதிகமாக.
என்னைக் கேட்காமலே
என் உதடு பாதிவரை விரிந்துவிட்டது.

விதிப்படி எழுதினேன்: (சிரிப்பு).
யாருடையது என்று குறிக்க
இந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

நிமிர்ந்தேன்.
யஸ்னா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
காற்றை அளப்பவள் போல.