இரண்டாம் கியர்

வாங்கியது கில்பர்ட்.
பேட்டையில் ஒரு மரக்கடையின் பின்பக்கம்,
முப்பத்தெட்டாயிரம்.
அதில் இருபது என் சீட்டுப் பணம்.
ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
கயிறு கட்டி இழுத்துவந்த அன்று
சமாதானபுரம் சந்தே வாசலுக்கு வந்து நின்றது,
பிணம் வந்த வீட்டைப் பார்ப்பதுபோல்.
மறுமாதம் அவருக்கு மஸ்கட் விசா.

எடைக்குப் போட்டுவிடத்தான்
மேலப்பாளையத்திலிருந்து அசன் கனியைக் கூப்பிட்டேன்.
அவர் முன்பக்கத்தை முழுசாகத் தூக்கினார்.
விளக்கும் மட்கார்டும் சேர்ந்தே எழுந்து
முன்னால் கவிழ்ந்தது,
தலைக்குக் குளித்தவள் குனிந்து
கூந்தலை முன்னே போட்டு உலர்த்துவதுபோல்.
உள்ளே எலி, குட்டிகளோடு.
"சட்டம் கெட்டியா இருக்கும்மா.
தகரந்தான் போயிருக்கு.
தகரம் நான் தாரேன்" என்றார்.

ஹைகிரவுண்டில் எனக்கு ரத்தம் எடுக்கிற வேலை.
நரம்பு தேடிப் பழகிய விரல்
பிரேக் குழாயில் காற்றைத் தேடவும் உதவியது.
தேதி முடிந்த ஊசிக்குழலில் கியர் ஆயில் ஏற்றினேன்.
"கையில என்னக்கா பெட்ரோல் வாசம்?"
என்றார் ஒரு சர்க்கரைக்காரர்.
கையை இறுக்கி மூடுங்க, என்றேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
வெள்ளைக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில், யார் கல்யாணத்துக்கோ அடித்த சிவப்பு.
டாஷ்போர்டு மடிப்புக்குள் மட்டும் பிழைத்திருந்தது
ஒரு நீலம்,
மையில் தண்ணீர் கலந்த மாதிரி.
ஆர்.சி. புத்தகம் கிரே என்றது.
"எழுதுன கிளார்க்குக்குக் கண்ணு தெரியாது"
என்றார் பெயிண்டர் ஊய்க்காட்டான்.
அந்த ஒரு சொல்லை மாற்ற
ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று நாள் லீவு போட்டேன்.

ஐப்பசி ஞாயிறு.
கோயிலிலிருந்து வந்த சேலையோடு சாவியைத் திருப்பினேன்.
இருமியது. நின்றது.
அசன் கனி கார்புரேட்டர் வாயை
உள்ளங்கையால் பொத்தி எடுத்தார்.
பிடித்துக்கொண்டது.
சந்து முழுக்கப் புகை. மாடியில் துணி காயப்போட்டவள்
ஏசிய ஏச்சு எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.
அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

கில்பர்ட் போனில் சொன்னார்:
"கோட்டயத்துல ஒரு ஆளு. ரெண்டரை லட்சம்.
ஓட்டிக் காட்டு, போதும்."
சரி என்றேன்.
வட்டி ஓடிக்கொண்டிருக்கிறதே.

வர்கீஸ் சனிக்கிழமை வந்தார், வெள்ளைச் சட்டை.
தெற்கு பஜார் முக்கில்
பின்னால் போகாமல் ஒரே வீச்சில் வட்டமடித்தேன்.
சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்,
"குறை ஏதும் உண்டோ?"

உண்டு என்றேன்.
இடது கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் அடைக்கணும்.
மழை பெய்தால் உங்கள் கால் பக்கம் ஒழுகும், என் பக்கம் ஒழுகாது.
பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும்,
குச்சி விட்டுத்தான் பார்க்கணும்.
இறக்கத்தில் இரண்டாம் கியர் குதிக்கும்.
காலையில் முதல் தடவை எடுக்கும்போது
சோக்கை அவசரமாக உள்ளே தள்ளினால் கோபம் வரும் அதற்கு.
விற்கக்கூடாது என்று நினைக்கவில்லை, சத்தியமாக.
டாக்டரிடம் பிள்ளையின் இருமலைச் சொல்ல ஆரம்பித்தால்
நேற்று ராத்திரி, முந்தாநாள் ராத்திரி என்று
போய்க்கொண்டே இருக்குமே, அப்படி.

முன்னீர்பள்ளத்தில் டீ குடித்தோம்.
அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை.
"ஒண்ணேகால்" என்றார் தம்ளரைப் பார்த்து.
நான் பதில் சொல்வதற்குள்
"வேண்டாம் சேச்சி, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

ஜங்ஷனில் இறக்கிவிட்டேன்.
கதவைக் கொஞ்சம் தூக்கி,
சரியாக அடைத்துவிட்டுப் போனார்.

மஸ்கட்டுக்குச் சொல்ல வேண்டும்.
ஒண்ணேகால் என்று சொல்வதா,
ஆளே வரவில்லை என்று சொல்வதா?
ஈரடுக்குப் பாலத்தில் ஏறினேன்.
முள் பாதியில் நின்றது.
பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரனை விடவே இல்லை.
இறக்கத்தில்
எப்போது குதிக்கும் என்று தெரியும் என் கைக்கு,
ஒரு நொடி முன்னாலேயே போய்ப்
பிடித்துக்கொண்டது.