ஆற்றின் விலைப்பட்டியல்

பெரியவர்களுக்கு நூறு யென், குழந்தைகளுக்குப் பத்து.
ஷிமாதா கரையில், மரப்பாலம் தொடங்கும் இடத்தில்
ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறேன்.
பெயர் சவாகோ. யாரும் கேட்பதில்லை.
கேட்பதெல்லாம் கழிப்பறை எங்கே என்றுதான்.

பயணத்தின் கதையை எழுதி வைத்தவர்கள்
எல்லாரும் கடந்து போனவர்கள்.
நான் கடத்திவிட்டவர்களின் வம்சம்.

இந்த ஓயி ஆற்றில் பாலம் கூடாது, படகும் கூடாது
என்று எதோவிலிருந்து உத்தரவு.
ஆகவே மனிதர்கள் படகானார்கள்.
விடிந்ததும் ஒருவன் இறங்கி நிற்பான்.
அவன் உடம்புதான் அளவுகோல்:
தொடை நனைந்தால் நாற்பத்தெட்டுக் காசு,
இடுப்பென்றால் கூடுதல், மார்பென்றால் இன்னும்,
அக்குளைத் தொட்டால் தொண்ணூற்று நான்கு.
அதற்கும் மேலே போனால்
ஆற்றுக்கு விடுமுறை.

யாத்ரீகனுக்கு அடைமழை, விடுதிக்கு அறுவடை.
நாலு நாள், ஏழு நாள்,
அரிசி விலை ஏற ஏற
அறைக்குள்ளே சூதாடிக் கிடப்பார்கள்.
விடுதிக்காரர்கள் எந்தச் சாமியிடம் என்ன கேட்டார்களோ,
வானம் பெரும்பாலும் அவர்கள் பக்கமே இருந்தது.

பிரபுக்கள் பலகையில் போனார்கள், நாலு பேர் தூக்க.
மற்றவர்கள் பிடரியில்.
என் மூதாதை தொகுஸோவின் பிடரியில்
ஒரு பட்டு வியாபாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு
கரை வரும்வரை அவன் காதைத் திருகிப் பிடித்திருந்தானாம்.
வீட்டில் இன்றும் யாருக்காவது காது சிவந்தால்
"வியாபாரி ஏறிட்டான்" என்போம்.

ஒருமுறை வந்தது ஒரு நாய்.
நடக்க முடியாத எஜமானுக்காக
இஸே கோயிலுக்குத் தனியாகப் புறப்பட்ட நாய்;
கழுத்துத் துணியில் முகவரியும் செப்புக்காசும்.
நாய்க்கு என்ன கூலி?
பட்டியலில் இல்லை.
தொகுஸோ தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்,
காசைத் தொடவில்லை.
தொட்டான் என்கிறார் என் பெரியப்பா.

அவனுக்கும் முந்தைய தலைமுறையில் ஒரு யானை வந்தது,
கடல் தாண்டி, நாகசாகியிலிருந்து நடந்தே.
அதைத் தூக்கத் தோள் ஏது?
ஆட்கள் கைகோத்து ஆற்றின் மேல்பக்கம் நின்று
ஓட்டத்தை உடம்பால் உடைத்தார்களாம்.
யானை நனைந்துகொண்டே போனது.
இவர்களைத் திரும்பிப் பார்த்ததா தெரியாது.

இதற்கெல்லாம் ஆயிரம் ஆண்டு முன்பு
எல்லைக் காவலுக்கென்று மேற்கே ஓட்டப்பட்ட உழவர்கள்
இதே தண்ணீரில் இறங்கியிருப்பார்கள்.
போவது அரசுச் செலவு, திரும்புவது சொந்தச் செலவு.
வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.
ஊர் சுற்றுதல் என்ற சொல்
அவர்கள் வாயில் எப்படி இருந்திருக்கும்?

பிறகு அரசு மாறியது. படகு விடலாம் என்று
ஒரு காகிதம் வந்தது.
நூற்றுக்கணக்கான தோள்கள் ஒரே காலையில் வெறுமையாயின.
தண்ணீரிலேயே நின்ற கால்களைத்
தண்ணீரில்லாத மேட்டில் தேயிலை நடச் சொன்னார்கள்.
அந்தத் தேயிலைக்குப் போய்வரத்தான் இந்தப் பாலம்.
முதல் நாளிலிருந்தே சுங்கம்.
எங்களுக்கும்தான்.

அப்புறம் ரயில். அப்புறம் கொடி பிடித்த பெண்ணின் பின்னால்
ஒரே மாதிரித் தொப்பியில் நாற்பது பேர்.
இப்போது குச்சியில் கைபேசி.
போன வாரம் லிஸ்பனிலிருந்து வந்தவர்
என் கூண்டைப் படம் எடுத்தார்,
என்னைச் சற்று விலகச் சொல்லிவிட்டு.

புல்லட் ரயில் வேறு பாலத்தில் போகிறது.
ஒருநாள் அதில் ஏறி எண்ணிப் பார்த்தேன்:
பதின்மூன்று நொடி.
பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்று காலை ஒரு தம்பதி, நாயுடன்.
"இதற்கு எவ்வளவு?"
பலகையைப் பார்த்தேன்.
இன்னமும் எழுதவில்லை.
போகட்டும் என்றேன்.

பலகை இடுக்கு வழியே நாய் கீழே எட்டிப் பார்த்தது.
மேலே மலையில் அணைகள்.
கீழே கூழாங்கல், நடுவே ஒரு நூல் தண்ணீர்;
இறங்கி நடந்தால் கணுக்கால்தான் நனையும்.
கணுக்காலுக்கு
எங்களிடம் விலை இருந்ததே இல்லை.

நூறு யென் வாங்கிக்கொண்டேன், இரண்டு பேருக்கு இருநூறு.