நான்காம் எண்

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்து
இரும்புத்தாதுக் கப்பல்கள் அசையாமல் கிடக்கும் மாதம்.
ஆர்டிஸ் லின்ட்க்விஸ்ட் வீட்டு நிலவறையில்
சலவை இயந்திரத்துக்கும் கொதிகலனுக்கும் நடுவே
மடக்கு மேசை ஒன்று, நாற்காலிகள் ஏழு.
அதில் இரண்டு தேவாலயத்துடையவை,
இரவல் வாங்கி எத்தனையோ வருடம்.

ஆளுக்கு இரண்டு பாட்டில், அவரவர் வீட்டில் வடித்தது.
ஒன்று இங்கே திறக்க.
மற்றது யாரோ ஒருவர் கொண்டுபோக.
இதுதான் சட்டம். கூடவே,
குறிப்பில் ‘பரவாயில்லை’ என்று எழுதக் கூடாது.

பாட்டில்களுக்குப் பழுப்புப் பை மாட்டி
கழுத்தில் எண் கட்டியவன் ஆர்டிஸின் மகன் ஓரின்.
பதினோரு வயது. குடிக்க முடியாதவன்,
ஆகவே நம்பலாம்.

ஒன்றில் புகைபோட்ட மீன் வாசம்.
பெக்கலாவுடையது, எந்தப் பையாலும் மறைக்க முடியாது:
மால்ட்டைப் புகைக்கும் பீப்பாயில்தான்
மனிதர் மீனையும் தொங்கவிடுகிறார்.

இரண்டு, மூடி தளர்ந்ததும் கூரைக்குழாய்வரை பாய்ந்தது.
மிஞ்சியது மூன்று விரற்கடை, ஏழு பேருக்கு.
“ஆரஞ்சுத் தோல்” என்றாள் மாய்லீ.
“இல்லை, ஆரஞ்சு உரித்தவன் கை” என்றார் வெர்ன்.
இதற்கே கால்மணி நேரம் போயிற்று.

மூன்று நினைவில்லை.
அதுவே அதற்கான குறிப்பு.

நான்குக்கு நான் எழுதியது, அட்சரம் பிசகாமல்:
“நிறம் குட்டைத் தண்ணீர். நுரை இருந்ததாகக் கேள்வி.
முகர்ந்தால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி,
அதற்குள் ஒரு பழைய பிளாஸ்திரி.
இனிப்பு வந்து கதவைத் தட்டுகிறது,
திறப்பதற்குள் போய்விடுகிறது.
பிறகு நெடுநேரம் துவர்ப்பு,
தொப்பியை எடுத்துக்கொண்டும் கிளம்பாத விருந்தாளியாக.
செய்தவர் குழாய்களைக் கழுவட்டும்.
அல்லது தபால்தலை சேர்க்கட்டும்.”

கடைசி வரிக்கு அடிக்கோடு வேறு.
அன்று பேனா நன்றாக எழுதிற்று.
உரக்க வாசித்தேன். வெர்னுக்குப் புரையேறியது.
மாய்லீ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.
பெக்கலா மட்டும் கிளாஸை
உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார்,
குளிரில் அகப்பட்ட எதையோ பிடித்திருப்பவர் போல.

ஐந்து. ஆறு. ஏழு.
உப்பு பிஸ்கட் தீர்ந்தது.

பிறகு ஓரின் பைகளை உரித்தான்.
நான்காம் பைக்குள்ளிருந்து என் கையெழுத்து வந்தது.
நீல டேப்பில், நவம்பர் ஒன்பது.
என் சமையலறை. என் தண்ணீர்.
வெளியே புயல், எங்கும் போக வழியில்லை,
விதை முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கும் பிள்ளையாய்
அந்த வாளி மூடியை ஆறு முறை திறந்தேன்.
ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போயிருக்கும்.
காற்று போனால் அட்டை நாறும்.
இதை மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சாம்.
நானோ கொத்தித் துரத்தியிருக்கிறேன்,
நாலு பேர் பார்க்க, அடிக்கோடு போட்டு.

கொதிகலன் ஒருமுறை முனகி நின்றது.
“அடித்து எழுதுகிறாயா?” என்றாள் ஆர்டிஸ்.
வேண்டாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பெக்கலா தன் சீட்டை என் பக்கம் நகர்த்தினார்.
பென்சில் எழுத்து, சிறியது:
“நான்கு. அட்டை உண்டு. பிளாஸ்திரி உண்டு.
கிளாஸ் கைச்சூடு ஏறிய பின், அடியில்,
அறுத்த அன்றைய வைக்கோல்.
ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.
செய்தவரும் பொறுத்திருக்கலாம்.”

இரண்டாம் பாட்டில்கள் கை மாறின.
என்னுடையதை யாரும் தொடவில்லை, கொஞ்ச நேரம்.
பிறகு அதை எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்தார் அவர்,
வெளியே வைத்தால் உறைந்து வெடிக்கும் என்று
யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு.

எனக்குக் கிடைத்தது இரண்டாம் எண்,
அந்தக் கூரைக்குப் பாய்ந்ததன் உடன்பிறப்பு.
துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து
பனிக்கட்டி இறக்கத்தில் மூன்று தெரு நடந்தேன்,
வழுக்கும் இடத்தில் எல்லாம் நின்று நின்று.

இன்று பதினாறாம் நாள்.
குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்:
இரண்டு. பார்வைக்குத் தெளிவு.
மற்றவை பிறகு.