ஏழு அடி

பத்து மணிக்கே கல்முனைத் தார்
செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.
தோளில் கொதிநீர்ப் பிளாஸ்க்,
கைப்பையில் வெப்பமானி, ஒரு சீட்டு:
உள்விட்டம் முக்கால் அங்குலம். நீளம் ஏழு அடி.

இஸ்ஸதீன் ஹாட்வெயாரில்
குழாய்கள் சுருண்டு தொங்குகின்றன.
பச்சை, நீலம், கறுப்பு,
கண்ணாடி போல ஒன்று,
உடம்பெல்லாம் நூல் பின்னிய ஒன்று.
"எதுக்குப் புள்ள? பூக்கண்டுக்கா, மோட்டருக்கா?"
"பாணிக்கு."
கத்தரிக்கோல் வாய் திறந்தபடி நின்றது.

துறைநீலாவணையில் நாங்கள் மூன்று பேர், என்றேன்.
யோகமலரின் காணியில் பதினொரு பனை.
விடிய இறக்கும் கருப்பநீரைத்
தகரக் கொட்டிலில் காய்ச்சுகிறோம்.
நூற்று நாலு பாகையில்
அகப்பை நுனியில் பாணி நூல் விடும்.
அந்த நிமிடமே வடிக்க வேண்டும்,
சட்டியோ இரண்டு பேர் தூக்கும் பாரம்.
போன வெள்ளி கால் சறுக்கி
சுதர்ஷினியின் புறங்கையில்
சிவப்பாய் ஒரு தீவு.
சட்டியின் அடியில் துளையிட்டுப் பைப் பூட்டிவிட்டோம்.
இனி அங்கிருந்து வடிதுணி வரைக்கும்
ஒரு வழி.

கண்ணாடிக் குழாயை எடுத்துத் தந்தார்.
"இதுதான் நல்லது. உள்ளுக்க ஓடுறது தெரியும்."
மணந்தேன்.
புது மழைக்கோட்டு.
பிளாஸ்க்கைத் திறந்து ஒரு முனையில் ஊற்ற
மறுமுனையில் கோப்பை பிடித்தான் சாஜித்.
பார்த்திருக்கவே பால் நிறமாகி
வலையில் செத்த விலாங்காய்த் துவண்டது குழாய்.

நான் தடுக்குமுன்
கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார் இஸ்ஸதீன்.
"யா அல்லாஹ். டயர்க்கடை."

பிறகு எனக்கு வேலையில்லை.
நீலத்தை அவரே வெட்டினார், அவரே ஊற்றினார்.
ஒரு கிலோ ஆணிக்கு வந்த மேசன்
"இஞ்ச தாங்க பாப்பம்" என்று
வாங்கிக் குடித்துத் துப்பினார்.
கறுப்பில் குடிநீர் முத்திரை இருந்தது,
கீழே பொடி எழுத்தில்
குளிர்நீருக்கு மட்டும்.
கருப்பநீர் போகலாம், பாணி போக ஏலாது.

கடைசியில் பச்சை.
நாக்கில் வைத்தவர் துப்பவில்லை,
முகமும் சுளிக்கவில்லை.
"இந்த ருசி எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக.
கடையின் பின்பக்கம் திரும்பினார்.
தாங்கியிலிருந்து கேத்தல் வரைக்கும்
சுவரில் ஆணியடித்து
பன்னிரண்டு வருடமாய் வெயில் காயும்
அதே பச்சை.
"சாஜித், நாம என்னடா குடிச்சிட்டு இருந்திருக்கம்?"

சிரித்தேன்.
பாதிச் சிரிப்பில்
வீட்டுக் கிணற்றடி வந்து நின்றது.
சுவர் கட்டிய நாளில் சீமெந்து குழைக்க வாங்கி
மிஞ்சியதென்று குசினிப் பீப்பாவுக்குத் திருப்பிய
வெள்ளைக் குழாய்.
பங்குனி வெயிலில் முதல் வாளி
எப்போதும் ஒரு மாதிரி மணக்கும்.
அதில்தான் உலை வைக்கிறேன்,
அதில்தான் மகனுக்குப் பால்மா கரைக்கிறேன்.
கொழும்பில் யாரோ வாங்கப்போகும் போத்தலுக்காக
வெப்பமானியோடு பஸ் ஏறி வந்தவள்.

சீட்டின் பின்புறம் ஒரு நம்பர் எழுதித் தந்தார்:
அக்கரைப்பற்றில், பால் கறக்கும் மெசின் விற்கிறவர்.
சிலிக்கன் குழாய் வைத்திருப்பார்,
கோப்பையும் முள்ளுக்கரண்டியும் அச்சடித்தது,
கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம்,
அடி ஆயிரத்து நூறு.
மனதுக்குள் போத்தல்களை எண்ணினேன்.
ஆறரைப் போத்தல், ஒரு குழாய்.
சுதர்ஷினியின் கையை எந்தப் பக்கம் எழுதுவது
என்று தெரியாமல் கணக்கை விட்டேன்.

கறுப்புக் குழாயில் இருபது அடி வெட்டச் சொன்னேன்.
"பாணிக்கு ஒத்துவராதே புள்ள."
"வீட்டுக்கு."
அவர் முப்பது அளந்தார்,
பத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டு
பின்பக்கம் போனார்.
ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது.

நிந்தவூர் தாண்டி ஓடுகிறது பஸ்.
வாங்க வந்தது இன்னும் வாங்கவில்லை.
மடியில் கறுப்புச் சுருள்,
காலடியில் வெறும் பிளாஸ்க்.
பக்கத்து இருக்கைக்காரி
முகத்தை ஒருமுறை குழாயருகே கொண்டுவந்து
ஒன்றும் சொல்லாமல்
யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.