குண்டூசி ஒட்டும் தலை

காதுக்குப் பின்னால், மயிருக்குள் ஒரு காந்தம்.
குனிந்து பட்டி மடிக்கும்போது
மேசையிலிருந்து குண்டூசி ஒன்று எழும்பி வந்து
தலையில் ஒட்டிக்கொள்கிறது.
கருங்கல் சந்தை முக்கில் தையல்கடை வைத்திருப்பவளுக்கு
இது நடக்கத்தான் செய்யும்.
'அக்கா, ஊசி' என்று முதல் வாரம்
பபிதா சிரிப்பை அடக்கினாள்.
இப்போது அவளே எடுத்து டப்பாவில் போடுகிறாள்,
பேன் எடுப்பதுபோல.

சுவிட்ச் போட்ட அன்று
திருவனந்தபுரத்தில் அந்தப் பெண் கேட்டாள்: கேட்குதா?
கேட்டது.
தகர டப்பாவுக்குள் தவளை.
அதுதான் அவள் குரல் என்று எழுதிக் காட்டினார்கள்.
வீட்டுக்காரர் குரலும் அதே தவளை,
கொஞ்சம் பெரியது.
நான் அழுவேன் என்று கைக்குட்டையோடு நின்றார்.
எனக்குப் பசித்தது.
களியக்காவிளை வந்ததும் பழம்பொரி தின்றோம்.
அது கடிபடும் சத்தம்
செங்கல் உடைவதுபோல் இருந்தது.

பதினோரு வருடம் மிஷினைக் காலால் கேட்டவள் நான்.
நூல் அறுவது பெருவிரலுக்குத் தெரியும்.
ஊசி மழுங்கினால் முழங்கை சொல்லும்.
இப்போது அது கத்துகிறது.
வெப்ராளத்தில் வலக் கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.
பிரித்தேன்.
காதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மறுபடி தைத்தேன்.
நேராக வந்தது.
கழற்றவே கூடாது என்று அடுத்த மேப்பிங்கில் திட்டு.
சரி என்றேன்.
கல்யாண பிளவுஸ்களுக்கு மட்டும் இன்னும் கழற்றுகிறேன்.

பிறகு அந்தக் குட்டி மைக்.
அதற்குத் தனி விலை; என் இரண்டு வளையல்.
பேசுகிறவர் சட்டையில் மாட்ட வேண்டும்,
துணியில் உரசினால் வெறும் இரைச்சல், கவனம், என்றாள் அந்தப் பெண்.
என்னிடம் சொல்கிறாள்.
அளவெடுக்க வந்த டீச்சரின் முந்தானையில் மாட்டினேன்.
கழுத்து இறக்கம் பற்றி ஏதோ சொன்னார், பாதி புரிந்தது.
ஆனால் அந்த இரைச்சல்
கஞ்சி போட்ட பருத்தி, இரண்டு தடவை துவைத்தது.
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
கடை பூட்டியதும் ஒவ்வொரு துணியிலும் மைக்கை இழுத்துப் பார்த்தேன்.
பாப்ளின் உப்புத்தாள் மாதிரி.
சாட்டின் வழுக்கிக்கொண்டே போனது.
பட்டென்று விற்றுத் தந்த ஒன்று பாலியெஸ்டராய் நொறுங்கியது.
ஷிபான் வாயே திறக்கவில்லை.
தவளை இல்லாத முதல் சத்தங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் நாகர்கோவில்.
மைக் அவர் காலரில், ஹெல்மெட்டுக்குக் கீழே.
மாட்டியது அவருக்கு மறந்துபோனது.
திங்கள்நகர் தாண்டும்வரை நான் பேசவில்லை.
அவர் பேசிக்கொண்டிருந்தார், காற்றோடு காற்றாக:
'இந்தக் குழிய இன்னும் அடைக்கல்ல.'
'தேதி அஞ்சாச்சு, பேங்குக்காரன் விளிப்பான்.'
'மழைக்கு முன்ன போயிரணும், என்னடீ.'
தோளைத் தட்டினேன்.
எப்பவும் இப்படித்தானா?
'எப்படி?'
பேசிக்கிட்டே ஓட்டுவது.
'பின்ன? நீ பின்னால இருக்கேல்லா.'

இரணியல் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன்.
பதினோரு வருடம்.
எங்கெல்லாம் விழுந்திருக்குமோ.

திரும்பும்போது சந்தையில் மீன் வாங்க இறங்கினார்.
நான் பைக்கடியில். மைக் அவரோடு.
'சாளை என்ன வெல? அதெல்லாம் கூடுதலு.
நெத்திலி வேண்டாம், அவளுக்கு நெத்திலின்னா...'
அதோடு அறுந்தது.
இருபத்தைந்து மீட்டருக்கு மேல் அதற்குக் கை நீளாது.
நெத்திலியென்றால் எனக்கு என்ன?
உயிர் என்றாரா, ஆகாது என்றாரா?
பையில் வந்தது அயிலை.
நான் கேட்கவில்லை.

ராத்திரி எல்லாவற்றையும் கழற்றி
ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்கிறேன்.
ஷீட்டில் மழை பெய்துகொண்டிருந்தது,
கழற்றியதும் நின்றது.
டப்பாவை மூடும்போது டக்கென்று ஒரு சத்தம் வருமாம்,
மகன் சொல்கிறான்.
வரும்.
அந்த நேரம் நான் இந்தப் பக்கம் வந்துவிட்டிருப்பேன்.